ஒரே துளை, இரண்டு பதில்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேட்டர்ன் அறையை மனதில் வரைந்துகொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் கட்டிங்கும் ஸ்டிச்சிங்கும் ஓயாமல் நடக்கின்றன. மேலே, தோல் வாடை எட்டாத ஏசி அறையில், நான்கைந்து கணினிகள். அடுத்த குளிர்காலத்தில் ஏதோ ஓர் ஐரோப்பிய நகரத்துக் கடையில் அடுக்கப்படப்போகும் ஷூவின் மேற்பகுதி எத்தனை துண்டுகளாக வெட்டப்பட வேண்டும், தையல் எங்கே ஓட வேண்டும் என்பதெல்லாம் அந்தத் திரைகளில் கோடுகளாக இருக்கின்றன. அந்தக் கோடுகள் வெளியே போய்விட்டால் ஆர்டரும் போய்விடும்.

போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி கணினியின் யூஎஸ்பி துளையில் மவுஸைச் செருகுகிறாள். திரையில் அம்பு நகர்கிறது. மவுஸைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் தன் பென் டிரைவைச் செருகுகிறாள். பென் டிரைவின் சின்ன விளக்கு எரிகிறது. அவ்வளவுதான். திரையில் எதுவும் வரவில்லை. துளை கெட்டுவிட்டதோ என்று மறுபடி மவுஸைச் செருகினால் அம்பு ஓடுகிறது. பென் டிரைவ் கெட்டதோ என்று வீட்டில் போட்டுப் பார்த்தால் அங்கே படங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

துளையும் நன்றாக இருக்கிறது, பென் டிரைவும் நன்றாக இருக்கிறது. பிறகு கணினிக்கு என்ன? உங்கள் அலுவலகத்திலோ, வங்கிக் கிளையிலோ, மருத்துவமனையின் பதிவு மேசையிலோ இதே காட்சியை நீங்களும் பார்த்திருக்கலாம். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு துளையைப் பற்றியது.

செருகியதும் நடக்கும் உரையாடல்

யூஎஸ்பி 1996இல் வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவின் முக்கியப் பொறியாளர்களில் ஒருவர், வடோதராவில் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற அஜய் பட். அதற்கு முன்னால் விசைப்பலகைக்கு ஒரு துளை, பிரின்டருக்கு ஒரு துளை, மோடத்துக்கு ஒரு துளை. எந்தத் துளையில் எது இருக்கிறது என்பதைத் துளையின் வடிவமே சொல்லிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்று ஆனபோது ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. வந்து நிற்பது யார் என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

வந்தவரே சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்கள் கண்ட வழி. நீங்கள் பென் டிரைவைச் செருகியதும் முதலில் மின்சாரம் பாய்கிறது. விளக்கு எரிவது அதனால்தான். அடுத்து, தரவு போகும் இரண்டு கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தைக் கருவி சற்று உயர்த்துகிறது. வாசலில் நின்று தொண்டையைச் செருமுவதுபோல. கணினி அதைக் கவனித்து, ‘யார் நீ?’ என்று கேட்கிறது. புதியவருக்கு இன்னும் எண் இல்லை. 0 என்ற பொது முகவரியில்தான் பேச்சு நடக்கிறது. பிறகு 1 முதல் 127 வரை ஏதோ ஓர் எண்ணைக் கணினி அதற்குக் கொடுக்கிறது.

கருவி தரும் பதில் மிகச் சுருக்கமானது. முதல் அறிமுகம் 18 பைட்டு மட்டுமே. தயாரித்தவரின் எண், பொருளின் எண் முதலியவை அதில் இருக்கும். அதைத் தொடர்ந்து வரும் குறிப்புகளில் தன் தொழில் என்ன என்பதைக் கருவி சொல்கிறது. இந்தத் தொழிலை ‘இனம்’ என்று அழைப்போம். ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் எண் உண்டு. ஒலிக்கருவி 01. விசைப்பலகை, மவுஸ் போல மனிதக் கை தொடும் கருவிகள் 03. பிரின்டர் 07. பென் டிரைவ் போன்ற சேமிப்புக் கருவிகள் 08.

பேட்டர்ன் அறையில் அந்தப் பெண் மவுஸைச் செருகியபோது கணினியின் காதில் விழுந்தது 03. பென் டிரைவைச் செருகியபோது விழுந்தது 08. கணினி இரண்டையும் தெளிவாகவே கேட்டது. 08 என்றதும் யாரை அழைக்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு.

இயக்கி என்பவர்

கணினிக்கு 08 என்பது வெறும் எண். அந்த இனத்தோடு எந்த மொழியில் பேசுவது, ஒரு கோப்பை வாங்க என்ன கட்டளை இடுவது என்பதெல்லாம் தெரிந்த ஒரு சிறு நிரல் வேண்டும். அதுதான் டிரைவர், தமிழில் ‘இயக்கி’. மவுஸ் இயக்கிக்குச் சேமிப்பு மொழி தெரியாது. சேமிப்பு இயக்கிக்கு மவுஸ் மொழி தெரியாது.

லினக்ஸை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம், ஏனென்றால் அங்கே எல்லாம் திறந்து கிடக்கிறது, நாமே எட்டிப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் அந்நியமானதும் அல்ல. சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், வேலூர்ப் பக்கத்து மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்த பெட்டிகளிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. அந்தப் பெட்டி இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால், இங்கே சொல்வதை அதிலேயே பார்க்கலாம்.

லினக்ஸின் நடுவே கெர்னல் என்ற ஒன்று உண்டு. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் உரிமை அதற்கு மட்டுமே. ‘கருநிரல்’ என்று வைத்துக்கொள்வோம். உலகத்தில் உள்ள எல்லாக் கருவிகளின் இயக்கிகளையும் கருநிரலுக்குள்ளேயே அடைத்தால் அது வீங்கிவிடும். அதனால் பெரும்பாலான இயக்கிகள் வட்டில் தனித்தனிக் கோப்புகளாகத் தூங்குகின்றன. தேவைப்பட்டால் மட்டும் எழுப்பப்பட்டு நினைவகத்துக்குள் வந்து கருநிரலோடு ஒட்டிக்கொள்கின்றன.

எழுப்புவது யார்? தோல் கிடங்கில் தரம் பிரிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கையில் எடுத்த தோலைப் புரட்டிப் பார்ப்பார், விளிம்பைத் தடவுவார், இந்தக் குவியல், அந்தக் குவியல் என்று போட்டுக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு குவியலின் அடையாளமும் அவர் மனதில் இருக்கிறது. லினக்ஸில் அந்த அடையாளங்கள் ஒரு நீண்ட பட்டியலாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் இயக்கியும் ‘இப்படிப்பட்ட கருவி வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்’ என்று தன் விருப்பத்தை அதில் பதிந்திருக்கிறது. இந்தப் பதிவை ‘புனைபெயர்’ என்பார்கள்.

ஒரு பென் டிரைவின் புனைபெயரைப் படிப்போம்

நம் பென் டிரைவ் தன்னைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் கருநிரல் ஒரே வரியாகக் கோக்கிறது. தயாரித்தவர் எண், பொருள் எண் என்று நீளமாகப் போகும் அந்த வரியின் கடைசிப் பகுதியில் மூன்று சிறு எண்கள் இருக்கும். நமக்கு வேண்டியவை அவை மட்டும்தான்: 08, 06, 50.

08 என்றால் சேமிப்பு இனம் என்று பார்த்தோம். 06 என்பது எந்தக் கட்டளைத் தொகுதியைப் புரிந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. பழைய பெரிய கணினிகளின் வட்டுகளோடு பேசப் பயன்பட்ட ஸ்கஸி என்ற கட்டளைகளையே, சட்டைப் பையில் கிடக்கும் பென் டிரைவும் பேசுகிறது. 50 என்பது அந்தக் கட்டளைகளைக் கம்பி வழியே எப்படி மூட்டை கட்டி அனுப்புவது என்ற முறை.

இப்போது பட்டியலைப் பாருங்கள். ‘யூஎஸ்பி ஸ்டோரேஜ்’ என்ற இயக்கி அதில் இப்படிப் பதிந்திருக்கிறது: தயாரித்தவர் யாராக இருந்தாலும் சரி, பொருள் எதுவாக இருந்தாலும் சரி, கடைசியில் 08, 06, 50 என்று வந்தால் என்னைக் கூப்பிடு. அதனால்தான் வேலூர் பஜாரில் வாங்கிய பென் டிரைவும் சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த பென் டிரைவும், எந்தக் குறுந்தகடும் போடாமலே, செருகியவுடன் வேலை செய்கின்றன. அந்த ஒரு வரிக்குள் இவ்வளவு தாராளம் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

தாராளம் என்பதால்தான் அதுவே ஆபத்தும் ஆகிறது. யார் கொண்டுவந்தாலும் கதவு திறக்கும்.

பாலாற்றங்கரையில் தெரிந்த பாடம்

2008 நவம்பரில் அமெரிக்க ராணுவம் தன் கணினிகளில் பென் டிரைவுகளைத் தடைசெய்தது. ஒரு பென் டிரைவ் வழியே தீநிரல் உள்ளே புகுந்ததுதான் காரணம். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரானிய அணுசக்தி ஆலையை எட்டியதற்கும் யூஎஸ்பி ஒரு பாலமாக இருந்தது. அந்தத் தொற்று அதிகம் காணப்பட்ட நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவை அடுத்து இந்தியா இருந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். அது உள்ளே வந்ததைத் தேடித் துடைப்பது. துடைக்கும்வரை என்ன நடந்திருக்கும் என்பது தெரியாது. தவிர, வெளியே எடுத்துப் போகப்படும் ஷூ வடிவத்தை அது தடுக்கவே தடுக்காது. அது தீநிரல் அல்லவே.

முதலில் தடுப்பதா, பின்னர் துடைப்பதா என்ற கேள்வியை இந்தத் தோல் மண்டலம் வேறு விதமாக, மிகுந்த விலை கொடுத்து, அறிந்திருக்கிறது. டேனரிகளின் கழிவு பாலாற்றிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிய பிறகு அதை மீட்பது எவ்வளவு கடினம் என்பது வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் கிணறு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. கணினி அறையின் துன்பம் அந்த ஆற்றின் துன்பத்துக்கு ஈடாகாது. ஆனால் இயக்கியைத் தடுப்பவரும் அதே வரிசையில்தான் யோசிக்கிறார்: கலந்த பிறகு பிரிப்பதைவிடக் கலக்க விடாமல் இருப்பது எளிது.

சில அலுவலகங்களில் யூஎஸ்பி துளைகளையே பசை ஊற்றி அடைத்துவிடுவார்கள். அப்போது மவுஸும் போகும், பிரின்டரும் போகும். துளையைத் தொடாமல், 08 என்று சொல்பவருக்கு மட்டும் பதில் சொல்ல ஆளில்லாமல் செய்தால் போதும். நம் பேட்டர்ன் அறையில் செய்திருப்பது அதைத்தான்.

பெயர் சொன்னால் வந்துவிடுவார்

லினக்ஸில் இதற்கு ஓர் எளிய வழி உண்டு. குறிப்பிட்ட அடைவில் ஒரு சிறு உரைக்கோப்பை உருவாக்கி, ‘பிளாக்லிஸ்ட்’ என்ற சொல்லை எழுதி, பக்கத்தில் இயக்கியின் பெயரை எழுத வேண்டும். ஒரே வரி. இதை ‘விலக்குப் பட்டியல்’ என்போம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விலக்குப் பட்டியலில் எழுதிவிட்டால் அந்த இயக்கி இனி வரவே வராது என்று நினைக்கிறார்கள். அது உண்மையில் செய்வது வேறு. தெருவில் ஓர் எலக்ட்ரீஷியன் இருக்கிறார், பெயர் குமார் என்று வைத்துக்கொள்வோம். ‘எலக்ட்ரீஷியன் யாராவது இருக்கீங்களா?’ என்று பொதுவாகக் கூப்பிட்டால் இனி குமார் போகக் கூடாது. விலக்குப் பட்டியல் சொல்வது இவ்வளவே. அது புனைபெயர்களை மட்டும்தான் அழிக்கிறது. ‘குமார் அண்ணே, கொஞ்சம் வாங்க’ என்று பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவர் வந்துவிடுவார்.

பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் மனிதராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இன்னோர் இயக்கி கூப்பிடலாம். வேகமான வெளிப்புற வட்டுகளுக்காக ‘யுஏஎஸ்’ என்ற இயக்கி இருக்கிறது. அது தன் வேலையில் சிலவற்றுக்கு யூஎஸ்பி ஸ்டோரேஜை நம்பியிருக்கிறது. அப்படிப்பட்ட வட்டு செருகப்பட்டால் யுஏஎஸ் எழும். எழும்போது தனக்குத் துணையாக யூஎஸ்பி ஸ்டோரேஜையும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு வரும். விலக்குப் பட்டியல் வாய் திறக்காது. முன்வாசலைப் பூட்டிவிட்டு, உள்ளிருப்பவரின் விருந்தாளியாக அதே ஆள் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

இதற்கு இன்னும் இறுக்கமான வரி ஒன்று உண்டு. ‘இன்ஸ்டால்’ என்ற சொல்லை எழுதி, இயக்கியின் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் தோல்வியை மட்டுமே திருப்பித் தரும் ஒரு குட்டி நிரலின் பெயரைப் போட வேண்டும். இதன் பொருள்: இந்த இயக்கியை எழுப்பச் சொல்லி யார் கேட்டாலும், அதற்குப் பதிலாக அந்தக் குட்டி நிரலை ஓட்டு. குட்டி நிரலோ ‘முடியாது’ என்று மட்டும் சொல்லி முடிந்துவிடும். புனைபெயரால் கேட்டாலும் பெயரால் கேட்டாலும் துணைக்கு அழைத்தாலும் அதே பதில். யுஏஎஸ் துணை கிடைக்காமல் தானும் எழ முடியாமல் நின்றுவிடும்.

நான் யாருக்கு இதைச் சொன்னாலும் இரண்டு வரியையும் சேர்த்தே எழுதச் சொல்வேன்.

எழுதிய பிறகும் ஏன் வருகிறது?

வரியைச் சரியாக எழுதி, கணினியை அணைத்துப் போட்டு, பார்த்தால் வேண்டாத இயக்கி மறுபடி உள்ளே உட்கார்ந்திருக்கும். பலரைத் தலையில் கைவைக்க வைத்த இடம் இது. காரணம் தெரிந்தால் எளிது.

கணினி தொடங்கும்போது கருநிரலுக்கு ஒரு முட்டை-கோழிச் சிக்கல். வட்டைப் படிக்க இயக்கி வேண்டும். இயக்கியோ வட்டில் இருக்கிறது. அதனால் தொடக்கத்துக்கு அவசியமான இயக்கிகளை மட்டும் ஒரு சிறு பொதியாகக் கட்டி, கருநிரலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றிவிடுகிறார்கள். கட்டுச்சோறு மாதிரி. ‘தொடக்கப் பொதி’ என்று இதைச் சொல்லலாம். பொதியைக் கட்டிய நாளில் விலக்குப் பட்டியலில் என்ன இருந்ததோ அதன் நகல்தான் உள்ளே இருக்கும். நீங்கள் நேற்று எழுதிய வரி அதற்குத் தெரியாது. வரியை எழுதியதும் பொதியையும் புதிதாகக் கட்டச் சொல்ல வேண்டும். டெபியனிலும் அதை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸிலும் அதற்கு ஒரே கட்டளை போதும்.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். அந்த கார்டுக்கு ‘நுவோ’ என்ற திறந்த மூல இயக்கி லினக்ஸிலேயே இருக்கிறது. நிறுவனத்தின் சொந்த இயக்கியை நிறுவ வேண்டுமானால் நுவோ முதலில் விலக வேண்டும். ஒரு கார்டை இரண்டு இயக்கிகள் பிடிக்க முடியாது. நுவோ தொடக்கத்திலேயே எழுந்துவிடக் கூடியது என்பதால், விலக்குப் பட்டியலில் எழுதிவிட்டுப் பொதியை மறந்தவர்கள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. சில இயக்கிகள் கருநிரலைச் சமைக்கும்போதே அதில் கரைக்கப்பட்டுவிட்டவை. அவை எழுப்பப்படுவதில்லை, ஏற்கெனவே விழித்திருக்கின்றன. விலக்குப் பட்டியலில் அவற்றின் பெயரை எத்தனை முறை எழுதினாலும் பயனில்லை. அதனால் ஒரு வரியை எழுதுவதற்கு முன், அந்த இயக்கி தனிக் கோப்பாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

விண்டோஸில் 3 எப்படி 4 ஆகிறது

பேட்டர்ன் வரையும் மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸில் ஓடுகின்றன என்பதால் இதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே ஒவ்வோர் இயக்கிக்கும் பதிவேட்டில் ‘ஸ்டார்ட்’ என்ற ஓர் எண் இருக்கிறது. 0 என்றால் தொடக்கத்தின் முதல் நொடியிலேயே எழு. 3 என்றால் கேட்டால் எழு. 4 என்றால் எழாதே. சேமிப்பு இயக்கிக்கு வழக்கமாக 3. நிர்வாகி அதை 4 ஆக்கிவிட்டால், பென் டிரைவின் விளக்கு எரியும், வேறொன்றும் நடக்காது.

08 தன்னை 03 என்று சொன்னால்?

கருவி தன் இனத்தைத் தானே சொல்கிறது என்று முன்பு பார்த்தோம். கணினி அதை அப்படியே நம்புகிறது. அந்த நம்பிக்கையைத்தான் 2014இல் லாஸ் வேகஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்ற இருவர் உடைத்துக் காட்டினார்கள். பென் டிரைவுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லின் நிரலை மாற்றி எழுதி, ‘நான் 03, விசைப்பலகை’ என்று அதைச் சொல்ல வைத்தார்கள். கணினி விசைப்பலகை இயக்கியை எழுப்பியது. பென் டிரைவ், யாரோ தட்டெழுதுவதுபோலக் கட்டளைகளை அனுப்பத் தொடங்கியது. இதற்கு ‘பேட்யூஎஸ்பி’ என்று பெயர்.

நம் வரிகள் இதைத் தடுக்காது. சேமிப்பு இயக்கியை நாம் தூங்க வைத்திருக்கிறோம்; வந்தவர் சேமிப்பைக் கேட்கவே இல்லை. இங்கே வேண்டியது விலக்குப் பட்டியல் அல்ல, அனுமதிப் பட்டியல்: இந்த மேசையில் இந்த விசைப்பலகையும் இந்த மவுஸும் மட்டும், வேறு யார் வந்தாலும் வாசலிலேயே நிற்கட்டும். லினக்ஸில் ‘யூஎஸ்பிகார்டு’ என்ற கருவி அதைச் செய்கிறது. பராமரிக்க அது கொஞ்சம் உழைப்பு கேட்கும். மவுஸ் பழுதானால்கூட நிர்வாகியைக் கூப்பிட வேண்டும். விலைமதிப்புள்ள வடிவங்கள் இருக்கும் அறைக்கு அந்த உழைப்பு தகும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. நிர்வாகி கடவுச்சொல் தெரிந்தவருக்கு இந்த வரிகள் எல்லாம் அழிக்கக்கூடிய வரிகள்தான். அந்தக் கடவுச்சொல் மானிட்டரில் ஒட்டிய துண்டுத்தாளில் இருக்கக் கூடாது.

மறுபடி அந்த அறை

எல்லாம் சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கருநிரல் ஒரு நாட்குறிப்பு எழுதுகிறது. தான் பார்த்ததையெல்லாம் வரி வரியாக, விநாடிக் கணக்கோடு, அதில் குறித்துவைக்கிறது. லினக்ஸ் ஓடும் கணினியில் அந்த நாட்குறிப்பைத் திரையில் ஓடவிட்டு, பென் டிரைவைச் செருகிப் பாருங்கள்.

புதிய யூஎஸ்பி கருவி ஒன்று வந்திருக்கிறது என்று ஒரு வரி வரும். அடுத்த வரியில் தயாரித்தவரின் எண்ணும் பொருளின் எண்ணும். அதற்கடுத்து, பென் டிரைவின் மேல் அச்சிட்டிருக்கும் நிறுவனத்தின் பெயர்கூட வரும். சில கருவிகளில் வரிசை எண்ணும் வரும். வழக்கமாக இதன் பிறகு சேமிப்புக் கருவி கண்டறியப்பட்டது என்று ஒரு வரி, எத்தனை ஜிபி என்று ஒரு வரி, வட்டுக்கு வைத்த பெயர் என்று ஒரு வரி வர வேண்டும். அவை வராது. வரிசை எண்ணுக்குக் கீழே கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். பென் டிரைவின் விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்.